வதைமுகாமிலிருந்து மீண்டவர்களின் வீடியோ சாட்சியம்: திரையிட எதை எடுப்பது, எப்படிச் சரிபார்ப்பது?

கடைசிவரிசை:

நாஜி வதைமுகாம்கள் பற்றி மூன்று மணி நேரத் திரையிடல் ஒன்று திட்டமிட்டிருக்கிறோம். பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள். நடிகர்களை வைத்து எடுத்த படம் வேண்டாம், முகாமிலிருந்து மீண்டு வந்தவர்கள் கேமரா முன் பேசியது மட்டும் போதும் என்பது வரை முடிவாகிவிட்டது. யூடியூபில் தேடினால் இரண்டு மூன்று நிமிடத் துண்டுகள் குவிகின்றன. பின்னணியில் வயலின், இடையிடையே பிணக்குவியல். யார் பேசுகிறார், எந்த முகாம், எந்த வருடம் எடுத்தது என்ற விவரமே பலவற்றில் இல்லை.

முழு நேர்காணல்கள் எங்கே கிடைக்கும்? துண்டு எவ்வளவு நீளம் இருக்கலாம்? பேச்சு மட்டுமே ஓடினால் கூட்டம் நெளியும் என்பதால் 1945ஆம் ஆண்டுப் படச்சுருள்களை நடுவில் சேர்க்கலாமா? பேசுகிறவர் சொல்வது சரிதானா என்று எப்படிப் பார்ப்பது? தமிழ் சப்டைட்டிலும் நாங்களே போடப் போகிறோம். அதற்கும் யோசனை சொல்லுங்கள்.

ஆவணப்பெட்டி:

யூடியூப் துண்டுகளை விட்டுவிடுங்கள். போக வேண்டிய இடங்கள் மூன்று.

பெரியது யுஎஸ்சி ஷோவா ஃபவுண்டேஷனின் காப்பகம். ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 1994இல் தொடங்கினார். அடுத்த சில வருடங்களுக்குள் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை முப்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் பதிவு செய்துவிட்டார்கள். 2006இலிருந்து தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் இருக்கிறது. ஒரு நேர்காணல் சராசரியாக இரண்டு மணி நேரத்தைத் தாண்டும். கணக்கு ஒன்று தொடங்கிக்கொண்டால் சில ஆயிரம் நேர்காணல்களை வீட்டிலிருந்தே பார்க்கலாம். மொத்தமும் வேண்டுமென்றால் அனுமதி பெற்ற பல்கலைக்கழகம் அல்லது அருங்காட்சியகம் வழியாகத்தான்.

இரண்டாவது, வாஷிங்டனில் 1993இல் திறந்த அமெரிக்க ஹோலோகாஸ்ட் நினைவு அருங்காட்சியகம். இவர்களுடைய வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளில் பெரும்பகுதியை இணையத்தில் அப்படியே ஓட்டிப் பார்க்கலாம். பலவற்றுக்கு எழுத்துப்படியும் கூடவே இருக்கும். சப்டைட்டில் போடப் போகிற உங்களுக்கு அது பாதி வேலையை மிச்சப்படுத்தும். க்ளாட் லான்ஸ்மான் 1985இல் வெளியிட்ட ஒன்பதரை மணி நேரப் படமான ‘ஷோவா’வில் சேராமல் மிஞ்சிய 200 மணி நேரத்துக்கும் மேற்பட்ட படச்சுருளும் இவர்களிடம்தான் இருக்கிறது.

மூன்றாவது, யேல் பல்கலைக்கழகத்தின் ஃபார்ச்சூனாஃப் காப்பகம். 1979இல் நியூ ஹேவன் ஊரில் மனநல மருத்துவர் டோரி லாப், தொலைக்காட்சித் தயாரிப்பாளர் லாரல் வ்ளாக் இருவரும் ஆரம்பித்த வேலை இது. 4,400க்கும் அதிகமான சாட்சியங்கள். பேசுகிறவரின் முதல் பெயரும் குடும்பப் பெயரின் முதல் எழுத்தும் மட்டும் தருவார்கள். நீங்களும் அறிமுக அட்டையில் அந்த அளவோடு நிறுத்துங்கள்.

யேல், ஷோவா ஃபவுண்டேஷன் தொகுப்புகள் இரண்டும் ஒரே மாதிரி எடுத்தவை அல்ல. யேல் பதிவுகளில் கேட்பவர் பெரும்பாலும் வாயை மூடிக்கொண்டிருப்பார். பேசுகிறவர் எங்கே தொடங்குகிறாரோ அங்கேதான் கதை தொடங்கும். ஷோவா ஃபவுண்டேஷன் முறையில் முன்கூட்டியே நீண்ட கேள்வித்தாள் நிரப்பி வாங்கிவிடுவார்கள். போருக்கு முந்தைய வாழ்க்கைக்கு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, போர்க்காலத்துக்கு ஐந்தில் மூன்று, பிந்தைய வாழ்க்கைக்கு ஒன்று என்பது திட்டம். முதல் காட்சியில் நேர்காணல் எடுப்பவர் பெயர், தேதி, ஊர், மொழி எல்லாவற்றையும் கேமராவைப் பார்த்துச் சொல்வார். கடைசியில் குடும்பத்தார் வந்து உட்காருவார்கள், பழைய புகைப்படங்களை ஒவ்வொன்றாகக் காட்டுவார்கள். பேச்சு நடக்கும்போது கேமரா அசையாது. தலையும் தோளும் மட்டும்தான் சட்டகத்தில்.

ஷோவா ஃபவுண்டேஷன் பதிவுகள் அரை மணி நேர பீட்டாகேம் வீடியோ டேப்பில் எடுத்தவை என்பதையும் மனதில் வையுங்கள். டேப் முடியும் இடத்தில் பேச்சு பாதியில் அறுந்து நிற்கும். அடுத்த டேப்பில் அதே கேள்வியை மறுபடி கேட்பார்கள், பதில் சற்று மாறி வரும். துண்டு வெட்டும்போது இரண்டையும் ஒட்டிவிடாதீர்கள். இன்னொரு சிக்கல்: குறிச்சொல் போட்டுத் தேடினால் அது எந்த நிமிடத்தில் வருகிறதோ அங்கே கொண்டுபோய் விடும். விஷயம் அதற்கு நாலைந்து நிமிடம் முன்பே தொடங்கியிருக்கும். பின்னால் போய்க் கேட்டுவிட்டு வெட்டுங்கள்.

தொகுப்பின் சாய்வையும் சொல்லிவிட வேண்டும். 1996இல் 68 வயதானவருக்கு 1944இல் வயது 16. தொண்ணூறுகளில் எடுத்த பதிவுகளில் பேசுகிறவர்கள் முகாமில் பதின்வயதிலோ இருபதுகளிலோ இருந்தவர்கள். அந்த முகாம்களில் நாற்பது வயது அம்மாவாக இருந்தவரின் குரல் அதில் அநேகமாக இல்லை. அதற்கு உளவியலாளர் டேவிட் போடர் 1946இல் ஐரோப்பிய அகதி முகாம்களில் கம்பிச் சுருள் ரெக்கார்டரில் எடுத்த நேர்காணல்களைக் கேளுங்கள். படம் கிடையாது, ஒலி மட்டும். ஆனால் எந்தச் சொல்லும் இன்னும் பழகிப் போகாத காலத்துப் பேச்சு. இருட்டில் பத்து நிமிடம் போட்டால் போதும்.

எடிட்மேசை:

பழைய படச்சுருளை நடுவில் செருகுவது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். செருகாதீர்கள். மரியாதைக் குறைவு என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், பத்தில் ஒன்பது முறை தகவலே தப்பாகிவிடும்.

புல்டோசர் பிணங்களைக் குழிக்குள் தள்ளுகிற காட்சி எல்லோருக்கும் தெரியும். அது பெர்கன்-பெல்சன். 1945 ஏப்ரல் 15 அன்று பிரிட்டிஷ் படை உள்ளே போன பிறகு ராணுவப் படப்பிடிப்புக் குழு எடுத்தது. பெல்சனில் விஷவாயு அறை கிடையாது. அங்கே செத்தவர்கள் பட்டினியிலும் டைஃபஸ் காய்ச்சலிலும் செத்தவர்கள். சுமார் 60,000 கைதிகள் அங்கே இருந்தார்கள், விடுதலைக்குப் பிறகும் 13,000 பேர் போல இறந்தார்கள். இந்தக் காட்சியை ஆஷ்விட்ஸ் விஷவாயு அறை பற்றிப் பேசுகிறவரின் குரலுக்கு மேல் ஒட்டினால், நாளைக்கு இணையத்தில், படுகொலையே நடக்கவில்லை என்கிற மறுப்புவாதி ஒருவர் ‘இது பெல்சன் படம், இவர்கள் பொய் சொல்கிறார்கள்’ என்று கிளம்புவார். முதல் பாதி உண்மையாகவும் இருக்கும்.

ஆஷ்விட்ஸ் விடுதலை என்று காட்டுகிற சோவியத் படமும் அப்படியே நம்பத் தக்கதல்ல. 1945 ஜனவரி 27 அன்று செஞ்சேனை போனபோது அங்கே மிஞ்சியிருந்தவர்கள் ஏறக்குறைய 7,000 பேர், பெரும்பாலும் நடக்க முடியாத நோயாளிகள். கூட்டமாகக் கையசைத்து ஆரவாரம் செய்கிற காட்சி பின்னால் ஆட்களைக் கூட்டி எடுத்தது. அதற்குப் பத்து நாள் முன்பே ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளை நாஜிகளின் எஸ்எஸ் படை பனியில் நடத்திக் கொண்டுபோயிருந்தது. ஆகவே ஆஷ்விட்ஸ் பற்றிச் சாட்சி சொல்கிற பலருக்கு விடுதலை கிடைத்த இடம் ஆஷ்விட்ஸே அல்ல, பெல்சன், புகென்வால்ட், மௌத்தவுசன் என்று எங்கோ. நேர்காணலைக் கடைசி வரை பார்க்காமல் விடுதலைக் காட்சி தேடினால் இங்கேதான் மாட்டிக்கொள்வீர்கள்.

ரயில் பெட்டிக் கதவு இடுக்கில் தலையில் துணி சுற்றிய ஒரு சிறுமி எட்டிப் பார்ப்பாளே, அது 1944 மே மாதம் நெதர்லாந்தின் வெஸ்டர்போர்க் முகாமில் எடுத்தது. பல வருடம் அவளை யூதச் சிறுமி என்றே காட்டிவந்தார்கள். ரோமா மக்களில் ஒரு பிரிவான சின்டி இனத்துச் சிறுமி செட்டெலா ஸ்டைன்பாக் என்பது 1994இல்தான் தெரியவந்தது. தெரேசியன்ஸ்டாட் முகாமில் கைதிகள் கால்பந்து ஆடுவதும் இசை கேட்பதுமான காட்சிகள் 1944இல் நாஜிகளே கட்டாயப்படுத்தி எடுக்க வைத்த பிரச்சாரப் படம். இயக்கிய கைதி குர்ட் கெரோனையும் அதே அக்டோபரில் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பிக் கொன்றார்கள். இதைப் போய் ‘முகாம் வாழ்க்கை’ என்று ஓட்டுகிற வீடியோக்கள் இன்னும் இருக்கின்றன.

முகாம்களின் விஷவாயு அறைக்குள் கொலை நடப்பதைக் காட்டும் படச்சுருள் எதுவும் இல்லை. அப்படி ஒன்று கையில் வந்தால் போலி. இப்போது ஏஐ உருவாக்கிய கைதிகளின் முகங்களும் சமூக ஊடகத்தில் சுற்றுகின்றன, ஆஷ்விட்ஸ் நினைவு அருங்காட்சியகமே எச்சரித்திருக்கிறது.

கூட்டம் நெளியும் என்கிறீர்கள். நெளிவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒலி. 1980களின் பதிவுகளில் குரல் தாழ்ந்திருக்கும், ஹம் சத்தம் இருக்கும். எண்பது ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, மின்சார ஹம் இருந்தால் 60 ஹெர்ட்ஸிலும் 120இலும் மெல்லிய நாட்ச் (அந்த ஒலியை மட்டும் வெட்டும் வடிகட்டி) போடுங்கள். ஐரோப்பாவில் எடுத்ததென்றால் 50, 100. ஆனால் நாய்ஸ் ரிடக்‌ஷனை இழுத்து வைக்காதீர்கள். மூச்சு வாங்குவதும் நாக்கு ஒட்டுவதும் அதோடு சேர்ந்து போய்விடும். இசை கூடவே கூடாது. 4:3 படத்தை அகலத் திரைக்கு இழுக்கவும் வேண்டாம். இரண்டு பக்கமும் கறுப்பாக இருக்கட்டும்.

நாள்காட்டி:

சரிபார்ப்பது பற்றி. சாட்சியத்தில் இரண்டு வகைத் தகவல் இருக்கிறது. தன் கண்ணால் கண்டது ஒன்று, பிற்பாடு கேட்டும் படித்தும் சேர்ந்தது இன்னொன்று. முதலில் அதைப் பிரியுங்கள். ‘ஆஷ்விட்ஸில் நாற்பது லட்சம் பேர் செத்தார்கள்’ என்று 1980களில் ஒருவர் சொன்னால் அது அவர் எண்ணியது அல்ல. சோவியத் ஆணையத்தின் கணக்கு அது, நினைவிடத்துப் பலகையிலேயே 1990 வரை இருந்தது. இன்று ஏற்றுக்கொள்ளப்பட்ட எண் சுமார் 11 லட்சம், அதில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் யூதர்கள். அவரை வெட்ட வேண்டாம், திரையின் கீழே ஒரு வரி போடுங்கள்.

எஸ்எஸ் மருத்துவன் மெங்கெலேயின் பெயரும் இப்படித்தான். அவன் ஆஷ்விட்ஸ் வந்ததே 1943 மே மாதம். ரயிலடியில் ஆள் பிரித்த எஸ்எஸ் மருத்துவர்கள் பலர், முறை வைத்து நின்றார்கள். 1942இல் வந்து இறங்கியவர் ‘மெங்கெலே என்னை வலப்பக்கம் அனுப்பினான்’ என்றால், ஒரு எஸ்எஸ் மருத்துவர் அனுப்பினார் என்பது வரை உறுதி, பெயர் பின்னால் வந்து ஒட்டியது.

இடத்தையும் பாருங்கள். 1944 மே நடுப்பகுதி வரை ரயில்கள் நின்றது ஆஷ்விட்ஸ் தொகுதியின் பெரிய முகாமான பிர்கெனாவின் வாசலுக்கு வெளியே இருந்த பழைய ரயிலடியில். அங்கிருந்து நடையாகவோ லாரியிலோ உள்ளே. தண்டவாளம் முகாமுக்குள் போனது ஹங்கேரி யூதர்களைக் கொண்டுவந்த சமயத்தில். மே 15இலிருந்து ஜூலை 9 வரை நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். ‘கோபுர வாசலுக்குள் ரயில் நுழைந்தது’ என்கிறவர் எப்போது வந்தார் என்று கேளுங்கள், பாதி சரிபார்ப்பு அதிலேயே முடியும்.

கையில் எண் இல்லை என்றால் பொய் என்று சிலர் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். பச்சை குத்தியது ஆஷ்விட்ஸ் முகாம் தொகுதியில் மட்டும். தகாவ் (Dachau) முகாமிலோ புகென்வால்டிலோ இருந்தவர் கையில் எண்ணைத் தேடக் கூடாது. ஆஷ்விட்ஸிலும் 1944இல் வேறு முகாம்களுக்கு அனுப்புவதற்காகப் பதிவு செய்யாமலே நிறுத்தி வைத்திருந்தவர்களுக்கு எண் குத்தவில்லை. எண் ஏ எழுத்தில் தொடங்கினால் 1944 மே அல்லது அதற்குப் பிறகு வந்தவர்.

பெயர், கைதி எண், மாற்றிய தேதி ஆகியவற்றுக்கு ஜெர்மனியின் ஆரோல்சன் ஆவணக் காப்பகம். இணையத்தில் தேடலாம். ஒரே பெயர் போலிஷ், ஜெர்மன், ஹங்கேரிய எழுத்தமைப்பில் மூன்று மாதிரி இருக்கும், பிறந்த தேதியோடு தேடுங்கள். காகிதம் இல்லாததை ஆதாரமாக எடுக்க வேண்டாம். ரயிலடியிலிருந்து நேரே விஷவாயு அறைக்குப் போனவர்களுக்குப் பதிவே கிடையாது, ஆவணங்களில் பெரும்பகுதியை எஸ்எஸ் எரித்தும் விட்டது.

முழுப் பொய்யும் நடந்திருக்கிறது. ஸ்பெயினில் என்ரிக் மார்கோ என்பவர் ஃப்ளோசன்பர்க் கைதி என்று பல வருடம் பேசினார், மௌத்தவுசன் முகாம் சங்கத்துக்குத் தலைவராகவும் ஆனார். 2005இல் வரலாற்றாளர் பெனிட்டோ பெர்மேஹோ ஆவணங்களை எடுத்துக் காட்டியதும் குட்டு உடைந்தது. அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்துப் பதிவை எடுப்பதன் லாபம் இது: குறைந்தபட்சம் அடிப்படை விவரங்களை யாரோ ஒருவர் கேள்வித்தாளில் வாங்கிவைத்திருப்பார்.

கடைசிவரிசை:

படச்சுருள் செருகும் யோசனையைக் கைவிட்டோம். ஒரு சந்தேகம்: பேசுகிறவர் ஓர் இடத்தில் தப்பாகச் சொல்கிறார் என்று தெரிந்தால் அந்தச் சாட்சியத்தையே தவிர்த்துவிடுவது பாதுகாப்பு இல்லையா? மூன்று மணி நேரத்தை எப்படிப் பிரிப்பது என்றும் சொல்லுங்கள்.

நாள்காட்டி:

தவிர்க்க வேண்டியதில்லை. டோரி லாப் எழுதிய உதாரணம் ஒன்று இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும். 1944 அக்டோபர் 7 அன்று பிர்கெனாவில் பிணம் எரிக்கும் உலைக்கூடங்களில் வேலை செய்த கைதிகள் கிளர்ச்சி செய்தார்கள். அதை நேரில் கண்ட பெண் ஒருவர், நான்கு புகைபோக்கிகள் தீப்பிடித்து வெடித்தன என்று சொன்னார். உண்மையில் சேதமானது ஒரே உலைக்கூடம். எண்ணிக்கை தப்பு, ஆகவே சாட்சியமே செல்லாது என்று வரலாற்றாளர்கள் சொல்ல, லாப் மறுத்தார்: ஆஷ்விட்ஸில் எதிர்ப்பு என்பதே நடக்க முடியாத காரியம், அது நடந்ததைத்தான் அந்தப் பெண் சொல்கிறார் என்றார். என் கருத்தில் இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. எத்தனை உலைக்கூடம் என்ற கேள்விக்கு அவர் சாட்சி அல்ல. அந்தத் தீயைப் பார்த்தபோது பெண்கள் பகுதியில் நின்றவர்களுக்கு என்ன தோன்றியது என்பதற்கு அவரை விட்டால் ஆள் இல்லை. இந்தத் துண்டைப் போட்டுவிட்டு மாணவர்களிடமே விவாதத்துக்கு விடலாம்.

ஆவணப்பெட்டி:

நேரப் பிரிப்பு. பத்துப் பேரின் பத்து நிமிடம் வேண்டாம். எல்லாம் கலந்து ஒரே ஆள் பேசிய மாதிரி ஆகிவிடும். ஒருவரை 50 நிமிடம் அறுக்காமல் ஓட்டுங்கள், போருக்கு முந்தைய பகுதியிலிருந்து பத்து நிமிடமாவது அதில் இருக்க வேண்டும். அப்பாவின் கடை, பள்ளிக்கூடம், தெரு எல்லாம் தெரிந்த பிறகுதான் இழப்பின் அளவு பிடிபடும்.

அடுத்த முக்கால் மணி நேரத்துக்கு ஒரே சாட்சியை இரண்டு காலத்தில் காட்டுங்கள். ஷிமோன் ஸ்ரெப்னிக் பொருத்தமானவர். போலந்தின் ஹெல்ம்னோவில் விஷவாயு வண்டிகளில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். அங்கே காலில் சங்கிலியோடு வேலை செய்த 13 வயதுப் பையன் அவர். தப்பியவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். 1961இல் ஜெருசலேமில், யூதர்களை முகாம்களுக்கு அனுப்பும் வேலையை நடத்திய எஸ்எஸ் அதிகாரி ஐக்மன் மீதான வழக்கில் சாட்சிக்கூண்டில் ஏறினார். அந்த வழக்கு வீடியோவில் பதிவானது, இணையத்தில் இருக்கிறது. அங்கே கேள்வி வழக்கறிஞருடையது. எதற்கு எவ்வளவு பதில் என்பதைச் சட்டம் தீர்மானிக்கிறது. பின்னர் லான்ஸ்மான் அவரை ஹெல்ம்னோவுக்கே கூட்டிப்போனார். எஸ்எஸ் ஆட்களுக்காக அன்று பாடிய பாட்டை நெர் ஆற்றில் படகில் உட்கார்ந்து பாடுகிறார். பிறகு தேவாலய வாசலில் ஊர்க்காரர்கள் அவரைச் சூழ்ந்து நின்று, யூதர்களுக்கு ஏன் இப்படி ஆனது என்று ஆளாளுக்கு விளக்கம் சொல்கிறார்கள். நடுவில் அவர் ஒரு வார்த்தை பேசுவதில்லை, முகத்தில் உறைந்த சிரிப்பு. அந்தக் காட்சியை ஊர்க்காரர்கள் பேசி முடிக்கும் வரை ஓடவிடுங்கள்.

அதே படத்தின் முடிதிருத்தும் கடைக் காட்சியையும் பலர் கேட்பார்கள். ட்ரெப்ளிங்கா முகாமில் பெண்களின் முடி வெட்ட வைக்கப்பட்ட ஆப்ரஹாம் போம்பாவை, இஸ்ரேலில் ஒரு கடையை வாடகைக்கு எடுத்து, கத்தரிக்கோலைக் கையில் கொடுத்துப் பேச வைத்தார் லான்ஸ்மான். ஒரு கட்டத்தில் போம்பா நிறுத்திவிடுகிறார், லான்ஸ்மான் விடாமல் தொடரச் சொல்கிறார். இதைப் போடுவதென்றால் காட்சியை முழுதாகப் போடுங்கள். அழுகிற இடத்தை மட்டும் வெட்டிக் காட்டினால், அந்த இடத்தை இயக்குநர் எப்படி ஏற்பாடு செய்தார் என்பதே மறைந்துபோகும். சாட்சியை இப்படி வற்புறுத்தலாமா என்ற விவாதத்துக்கும் இடமிருக்காது. படத்தின் பொதுத் திரையிடலுக்கு உரிமதாரரிடம் முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்குங்கள். காப்பகத்து நேர்காணல்களுக்கும் ஒவ்வொரு பதிவின் பக்கத்திலும் உரிம நிபந்தனை இருக்கும். பார்க்க அனுமதி என்பது இறக்கிவைத்து ஓட்ட அனுமதி ஆகாது.

வசனவரி:

சப்டைட்டில் பத்தி நான் சொல்றேன். தமிழ் வரி இங்கிலீஷை விட நீளும், அதனால ரெண்டு வரிக்கு மேல போகாம இருக்க முதல்ல தகவலைக் குறைக்காம வாக்கியத்தைச் சின்னதாக்குங்க. ஒரு தடவை திரையில வந்தது ஆறு நொடிக்கு மேல நிக்க வேண்டாம். அவர் பேச்சை நிறுத்தினதும் வரியும் போயிடணும். அமைதியா இருக்கிற நேரத்துல பழைய வரி தொங்கினா எல்லாரும் அதைத்தான் திருப்பித் திருப்பிப் படிப்பாங்க, முகத்தைப் பார்க்க மாட்டாங்க.

அவர் திக்கினா, பாதியில விட்டா, ஒரே சொல்லை மூணு தடவை சொன்னா, அப்படியே போடுங்க. அழகான எழுத்துத் தமிழாத் திருத்தக் கூடாது. ‘கப்போ’ (கைதிகளை மேய்க்கிற கைதி), ‘ஆப்பெல்’ (ஆள் எண்ணுற அணிவகுப்பு), ‘பிளாக்’ (கைதிகள் தங்குற கொட்டடி) மாதிரி முகாம் சொற்களை அப்படியே வெச்சுட்டு, நிகழ்ச்சிக்கு முன்னாடி அரைப் பக்கம் பொருள் அச்சடிச்சுக் கொடுத்துடுங்க.

லான்ஸ்மான் படத்துல போலிஷ், ஹீப்ரு, யிட்டிஷ் பேசுற இடங்கள்ல சப்டைட்டிலா வர்றது மொழிபெயர்ப்பாளர் பிரெஞ்சுல சொன்னதுதான், சாட்சி சொன்னது இல்லை. அதுலேர்ந்து தமிழுக்குப் போனா மூணாவது கை. அந்த மொழி தெரிஞ்சவர் ஒருத்தர் கிடைச்சா ஒருமுறை கேட்கச் சொல்லுங்க.

கோப்பை யுடிஎஃப்-8ல சேமிக்கணும், இல்லேன்னா கட்டம் கட்டமா வரும். சில பிளேயர்ல ‘கொ’, ‘கௌ’ எல்லாம் உடைஞ்சு கொம்பு தனியா நிக்கும். அதனால சப்டைட்டிலைப் படத்துலயே நிரந்தரமா பதிச்சு ஒரு பிரதி எடுத்து, திரையிடப் போற அதே கணினியில, அதே புரொஜெக்டர்ல, கடைசி வரிசையில உக்காந்து ஒருதடவை ஓட்டிப் பாருங்க. வெள்ளை எழுத்துக்குக் கறுப்பு விளிம்பு ரெண்டு பிக்ஸலாவது வேணும். வெளிர் சட்டை போட்டவர் மேல எழுத்து விழுந்தா விளிம்பு இல்லாம படிக்கவே முடியாது.